மூன்று இலக்கத்தில் அடங்காத அறிவு

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்களை வெட்டி எடுக்கும் டையைச் செய்பவருக்கும், கிராமத்துக் கொல்லுப்பட்டறையில் மண்வெட்டி அடிப்பவருக்கும் அரசுப் புள்ளிவிவரத்தில் ஒரே எண்: 722. நாட்டின் வேலைவாய்ப்பை அளக்கிற பிஎல்எஃப்எஸ் ஆய்வில், ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பது அந்த மூன்று இலக்கத்தோடு முடிந்துபோகிறது. இருவருமே தொழிலில் தேர்ந்தவர்கள், இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் சென்னையின் மேற்குப் புறநகருக்கு எந்தத் தொழில் வரவேண்டும், எந்தப் பயிற்சிக்கு எத்தனை இடம் ஒதுக்கவேண்டும் என்று திட்டம் போட உட்காருபவர் இந்த 722-ஐ எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது.

அந்த எண்களை எழுதிக் கை பழகியவள் நான். புள்ளிவிவரத் துறையில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றேன். ஷெட்யூல் என்று நாங்கள் சொல்லும் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஆலை ஆலையாகவும் வீடு வீடாகவும் ஏறி இறங்கியிருக்கிறேன். விவரம் கொடுத்தவர் யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்கிறது 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரத் திரட்டல் சட்டம். ஆகவே நான் போன பட்டறைகளின் பெயர் இந்தக் கட்டுரையில் வராது. பார்த்தது மட்டும் வரும்.

இந்தப் பகுதி எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1949-ல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் வந்தது. 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ். அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. ஆர்.வெங்கட்ராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்தபோது 1958-ல் கிண்டி தொழிற்பேட்டையும், 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அமைந்தன. அம்பத்தூர் பேட்டை மட்டும் சுமார் 1,300 ஏக்கர். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய டை, மோல்டு, ஜிக், கேஜ் எல்லாம் செய்து தர நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் அங்கே முளைத்தன. காலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தோடு நடந்தால், கால் மணி நேரத்தில் பத்துப் பதினைந்து விதமான தொழில்களைத் தாண்டிப் போய்விடலாம். தகடு வளைக்கிறவர்கள், கியர் வெட்டுகிறவர்கள், பிளேட்டிங் போடுகிறவர்கள், ரப்பர் வார்ப்பவர்கள், வயரிங் ஹார்னஸ் கட்டும் பெண்கள், ஏற்றுமதிச் சட்டை தைப்பவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்குச் சிறுதொழில் கணக்கெடுப்புக்காகப் போயிருந்தேன். பிரஸ் டூல் செய்யும் இடம், பத்துப் பேருக்கும் குறைவு. நான் போன நேரம், புதிதாகச் செய்த டையைப் பிரஸ்ஸில் ஏற்றி முதல் சாம்பிளை அடித்திருந்தார்கள். டூல் மேக்கர் அண்ணன் அந்தத் தகட்டுத் துண்டை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிலும் தடவினார். ஒரு பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இங்க பர் அடிக்குது மேடம். இந்தப் பக்கம் கேப் ஜாஸ்தி. பஞ்ச் அந்தாண்ட சாஞ்சிருக்கு."

பஞ்ச் என்பது மேலிருந்து இறங்கும் வெட்டுக் கருவி, டை கீழே இருக்கும் அதன் ஜோடி. இரண்டுக்கும் நடுவில் தகட்டின் கனத்தில் சில சதவீதம் மட்டுமே இடைவெளி இருக்கவேண்டும், அதுவும் நான்கு பக்கமும் சமமாக. இடைவெளி கூடினால் விளிம்பில் பிசிறு தள்ளும். குறைந்தால் டையின் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அவர் அந்தத் துண்டை டியூப் லைட்டுக்கு எதிரே சாய்த்துக் காட்டினார். வெட்டு முகத்தில் பளபளவென்று ஒரு பட்டை, அதற்குக் கீழே சொரசொரவென்று இன்னொரு பட்டை. பளபளப்பு எவ்வளவு உயரம் இருக்கிறது என்பதைப் பார்த்தே இடைவெளி சரியா தப்பா என்று சொல்லிவிடுகிறார். அடுத்து வளைவு டை. 90 டிகிரிக்கு மடக்கிய தகடு, பிரஸ் விட்டதும் கொஞ்சம் திரும்பி விரியும். அந்த விரிவை முன்கூட்டியே கணக்கிட்டுக் கூடுதலாக மடக்கும்படி டையைச் செதுக்கவேண்டும். "ஸ்டீல் லாட்டு மாறினா டிகிரியும் மாறும் மேடம். டிராயிங்ல அது இருக்காது" என்றார்.

பத்தாவது முடித்து, அம்பத்தூர் ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்து, ஒரு பெரிய ஆலையின் டூல் ரூமில் அப்ரண்டிஸ் ஆக இருந்தவர். டிராயிங் போட்ட டிப்ளமோ இன்ஜினியர் தம்பி பக்கத்தில் நின்று, அவர் சொல்வதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த படிவம், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சம்பளம் எவ்வளவு, வருட வரவு செலவு என்ன என்று கேட்டது. அந்தக் கட்டைவிரலில் இருந்ததைக் கேட்க அதில் ஒரு கட்டமும் இல்லை. பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பதை எண்ணிவிட்டு, சமையல்காரரின் கைப்பக்குவத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதாக நினைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

அரசாங்கம் எப்படி அளக்கிறது என்று வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். இரண்டு குறியீட்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, நிறுவனம் என்ன தொழில் செய்கிறது என்பதற்கானது. தேசியத் தொழில் வகைப்பாடு 2008 என்று அதற்குப் பெயர், நாங்கள் நிக் என்போம். வாகன உதிரிபாகம் 2930, சைக்கிள் 3092, ராணுவப் போர் வாகனம் 3040, கால் சென்டர் 8220 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இன்னொன்று, மனிதர் என்ன வேலை செய்கிறார் என்பதற்கானது. அது தேசிய வேலை வகைப்பாடு 2015, சுருக்கமாக என்சிஓ. இதில் ஒன்பது பெரும் பிரிவுகள். மேலாளர்கள் 1, இன்ஜினியர், டாக்டர், சாஃப்ட்வேர் ஆட்கள் போன்ற தொழில்முறை வல்லுநர்கள் 2, டெக்னீஷியன்கள் 3, எழுத்தர்கள் 4. இப்படி இறங்கி வந்தால் கைவினைத் தொழிலாளர் 7, மெஷின் ஓட்டுபவர் 8, அடிப்படை வேலை செய்பவர் 9.

அறிவுசார் பணியாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், ஆய்வாளர்கள் வழக்கமாக 1, 2, 3 ஆகிய பிரிவுகளைக் கூட்டி விடை சொல்வார்கள். 4 முதல் 8 வரையுள்ள எல்லாருக்கும் திறன் நிலை ஒன்றுதான், இரண்டாம் நிலை. அந்த நிலையைத் தீர்மானிப்பதில் பள்ளி, கல்லூரியில் படித்த வருடங்களுக்கே பெரிய பங்கு. ஆகவே கால் சென்டரில் விசாரணைக்குப் பதில் சொல்லும் ஊழியரும் டூல் மேக்கரும் ஒரே தட்டில். டிப்ளமோ தம்பி மூன்றாம் பிரிவில் வருவதால் அவர் அறிவுசார் பணியாளர். அவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் கணக்கில் இல்லை.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சிக்கல் கிடையாது. அறிவை வைத்து வேலை செய்பவர்கள் என்ற பேச்சை 1959-ல் பீட்டர் டிரக்கர் பரவச்செய்தார். 1962-ல் ஃபிரிட்ஸ் மாக்லுப் என்ற பொருளாதார அறிஞர், அமெரிக்காவின் 1958-ஆம் ஆண்டு உற்பத்தியில் சுமார் 29 சதவீதம் அறிவுத் தொழில்களிலிருந்து வந்தது என்று கணக்கிட்டார். கல்வி, ஆராய்ச்சி, பத்திரிகை, தகவல் இயந்திரங்கள் எல்லாம் அவர் கணக்கில் அடக்கம். 1977-ல் மார்க் போரட் வேறு வரையறையோடு வந்து, 1967-ஆம் ஆண்டுக்குச் சுமார் 46 சதவீதம் என்றார். ஒன்பது வருட இடைவெளியில் ஒரு நாடு அவ்வளவு மாறிவிடாது. யாரை உள்ளே சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்ற முடிவுதான் எண்ணை அந்த அளவுக்கு உயர்த்தியது. அந்த முடிவை நாம் எடுக்கும்போது அம்பத்தூரையும் ஆவடியையும் மனதில் வைத்து எடுக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

பிஎல்எஃப்எஸ் ஆய்வில் நிறுவனத்தின் தொழிலுக்கு ஐந்து இலக்கம் எழுதுகிறோம், மனிதரின் வேலைக்கு மூன்று இலக்கம். என்சிஓ பட்டியலே எட்டு இலக்கம் வரை விரிகிறது. அதன் நான்காவது இலக்கத்திலேயே டூல் மேக்கருக்கு 7222 என்று தனி இடம் கிடைத்துவிடும். மூன்றோடு நிறுத்துவதால்தான் கொல்லரும் டூல் மேக்கரும் கலந்துவிடுகிறார்கள். ஒரு ஆலை பம்ப் செய்கிறதா வால்வு செய்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு, அதைச் செய்யும் மனிதரைப் பிரித்துப் பார்க்க இன்னும் ஓர் இலக்கம் போதும்.

எனக்குத் தெரிந்து வீட்டுக் கணக்கெடுப்பில் கள ஊழியருக்குக் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இரண்டே சொல்: "கம்பெனி வேலை." வீட்டுக்காரர் ஷிப்ட்டில் இருப்பார். மனைவியோ அம்மாவோ கதவருகே நின்று சொல்வார்கள். "எந்த கம்பெனிம்மா, என்ன செய்வாங்க அங்க?" என்று கேட்டால், "எஸ்டேட்ல மேடம், இரும்பு சாமான்" என்று வரும். அதற்கு மேல் கேட்டுக்கேட்டு வாங்குவது கள ஊழியரின் பொறுமையைப் பொறுத்தது. கொரட்டூரில் ஒரு அம்மாவிடம் விடாமல் கேட்டபோது உள்ளே போய், மகன் வாங்கிவந்த மைக்ரோமீட்டர் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். "இத வெச்சி அளந்து அளந்து பாப்பான், மைக்ரான்னு ஏதோ சொல்வான்" என்றார். அந்தப் பையன் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட்டில் இருந்தான். ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றதால் சரியான எண் விழுந்தது.

அடுத்த சிக்கல், எங்கே எண்ணுகிறோம் என்பது. பிஎல்எஃப்எஸ் ஆளை வீட்டில் எண்ணுகிறது. ஆண்டுத் தொழில் ஆய்வு, அதாவது ஏஎஸ்ஐ, ஆளை ஆலையில் எண்ணுகிறது. திருநின்றவூரிலோ வேப்பம்பட்டிலோ குடியிருந்து, மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்கு வருபவரின் திறமை ஒரு கணக்கில் திருவள்ளூர் மாவட்டத்திலும், அவர் செய்யும் பொருளின் மதிப்பு இன்னொரு கணக்கில் சென்னை மாவட்டத்திலும் ஏறுகிறது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-ல் சென்னை மாவட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் கொஞ்சம் தள்ளிப்போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அவை காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஓடும் ஒரு பிரஸ் லைனுக்கு அம்பத்தூரில் டை செய்து, திருமழிசையில் ஹீட் ட்ரீட்மென்ட் போட்டு அனுப்பும் வேலை நடக்கிறது. தொழிலுக்கு அது ஒரே பட்டறை வீதி. புள்ளிவிவரத்தில் மூன்று மாவட்டம், மூன்று துண்டு. 2025 ஜனவரியிலிருந்து பிஎல்எஃப்எஸ் மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கத் தொடங்கியது பெரிய முன்னேற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்த மேற்குப் பகுதியை மூன்று மாவட்டத்திலிருந்தும் வெட்டி எடுத்து ஒட்டிப் பார்த்தால்தான் முழு உருவம் தெரியும்.

ஏஎஸ்ஐ பற்றி இன்னொன்று. மின்சாரம் பயன்படுத்தினால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் இருந்தால்தான் ஆலை அதில் வரும். வந்த ஆலையிலும் நேரடித் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், மேற்பார்வை–நிர்வாகப் பணியாளர், மற்றவர் என்றுதான் தலை எண்ணப்படும். பாதுகாப்புத் துறை நிறுவனங்களும் கணினிச் சேவை நிறுவனங்களும் அந்த ஆய்வின் வரம்புக்கே வெளியே. அதாவது நம் வட்டாரத்தில் பெயர் பெற்ற மூன்று விஷயங்களான ராணுவ உற்பத்தி, ஐடி, பத்துப் பேருக்குக் குறைந்த டூல் ரூம் மூன்றுமே தொழில்துறையின் முதன்மையான ஆய்வில் இடம்பெறவில்லை. அவற்றுக்கு வேறு வேறு ஆய்வுகள் இருக்கின்றன, வேறு வேறு அளவுகோல்களோடு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எண்ணக்கூடிய பொருளாதாரக் கணக்கெடுப்போ 2013–14-ல் எடுத்த ஆறாவதுக்குப் பிறகு முடிவு வெளிவரவில்லை. ஏழாவது 2019-ல் தொடங்கியது. அதற்காகத் தெருத்தெருவாக நடந்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆவடிக்கு வருகிறேன். எண்ணை வைத்துத் திட்டமிடுவதற்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடித்தான் சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே வருடம் புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவைத் தயாரித்தார். கனரகத் தொழிலுக்கு முதலிடம் என்ற அந்த எண்ணத்தின் காலத்தில்தான், 1961-ல், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. ஊருக்கு அது டேங்க் ஃபேக்டரி. 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் அங்கிருந்து வெளிவந்தது.

என் அப்பா அங்கே ஃபிட்டர். அவருடைய ஃபீலர் கேஜை எண்ணெய்த் துணியில் சுற்றி, சாமி அலமாரிக்குக் கீழே வைத்திருப்பார். மெல்லிய எஃகுத் தகடுகள் விசிறிபோல விரியும் கருவி அது. இரண்டு பாகங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அதைச் செருகிப் பார்ப்பார்கள். எந்தத் தகடு நுழைகிறது என்பதோடு, எவ்வளவு இறுக்கமாக நுழைகிறது என்பதும் முக்கியம் என்று சொல்லிக்கொடுத்தார். வடிவமைப்பு ஆய்வகமான சிவிஆர்டிஇ 1976-லிருந்து அதே ஆவடியில் இருக்கிறது. அர்ஜுன் டேங்குக்கு 1974-ல் அனுமதி கிடைத்து, ராணுவத்தில் அது சேர்ந்தது 2004-ல். அந்த முப்பது வருடமும் ஆய்வக இன்ஜினியர்களின் டிராயிங் ஃபேக்டரித் தரைக்கு வந்து, ஃபிட்டர்கள் "இது இங்க உக்காராது சார்" என்று சொல்லி, திரும்பிப் போய்த் திருத்தம் ஆகி வந்திருக்கிறது. அப்பா ரிட்டையர் ஆன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் போக்குவரத்தைப் பற்றித்தான். புள்ளிவிவரத்தில் ஆய்வகத்தார் இரண்டாம் பிரிவு, ஃபிட்டர்கள் ஏழாம் பிரிவு. 2021 அக்டோபர் 1-ல் படைக்கலத் தொழிற்சாலைகள் நிறுவனங்களாக மாற்றப்பட்டு, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகம் உருவானது. இனி இந்த ஆலைகள் வெளிச்சந்தையில் ஆர்டர் பிடிக்கவேண்டும். அப்போது அவர்கள் கையில் இருக்கும் மூலதனத்தில் பெரும்பகுதி அந்த ஏழாம் பிரிவின் விரல்களில்தான் இருக்கும்.

பாடியிலிருந்தும் ஒரு சான்று சொல்லலாம். தர மேலாண்மைக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அது. 2004-ல் லூகாஸ் டிவிஎஸ்ஸும் பெற்றது. மெஷின் பக்கத்தில் நிற்பவர் பிழையைக் கண்டுபிடித்து, காரணம் தேடி, திருத்தம் சொல்லும் பழக்கம் ஆலை முழுவதும் ஊறியிருந்தால்தான் அந்தப் பரிசு கிடைக்கும். பிழைக்குக் காரணம் தேடுகிறவர் அறிவுசார் பணியாளர் இல்லையென்றால் வேறு யாரைச் சொல்வது?

2024 நவம்பர் 22-ல் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தார்கள். 330 கோடி ரூபாய் செலவு, 21 மாடி, 5.57 லட்சம் சதுர அடி. நம் பிள்ளைகள் தரமணி வரை அலையாமல் வீட்டுப் பக்கத்திலேயே வேலைக்குப் போகக் கிடைத்த வாய்ப்பு. ரயிலில் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்து மகிழ்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நிறுவனத்தின் குறியீட்டை மட்டும் வைத்து எண்ணும்போது, ஐடி கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர் கணக்குப் புத்தகம் எழுதினாலும் ஸ்டோர் பார்த்துக்கொண்டாலும் அறிவுத் தொழிலில் சேர்ந்துவிடுகிறார். எஸ்டேட்டில் முப்பரிமாண மென்பொருளில் மோல்டு வடிவமைக்கும் பெண் உலோகப் பொருள் உற்பத்தியில் சேர்ந்துவிடுகிறாள். இரண்டு பேரும் ஒரே காலேஜில் படித்திருக்கலாம். கட்டடத்தைப் பார்த்து எண்ணினால் இந்தத் தவறு நடந்தே தீரும். தொழில், வேலை என்ற இரண்டு குறியீட்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அட்டவணை போட்டால் இருவருமே கண்ணில் படுவார்கள்.

அப்படி அட்டவணை போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. செறிவு விகிதம் என்று சொல்லலாம். ஒரு பேச்சுக்கு, நாட்டில் ஆயிரம் தொழிலாளரில் ஒருவர் டூல் மேக்கர் என்று வைத்துக்கொள்வோம். மேற்குப் பகுதியில் ஆயிரத்துக்கு ஆறு பேர் இருந்தால் விகிதம் 6. ஒன்றுக்கு மேல் போனால் அந்தத் திறமை அங்கே குவிந்திருக்கிறது என்று பொருள். பொதுவாக இந்தக் கணக்கை வாகன உதிரிபாகம், ஜவுளி என்று தொழிலுக்குத்தான் போடுவார்கள். வேலைக்குப் போட்டால் கதை மாறும். மின்சார வண்டி வந்துகொண்டிருக்கிறது. பிஸ்டன், வால்வு, சைலன்சர் செய்பவர்களுக்கு ஆர்டர் குறையப்போகிறது. தொழிலை மட்டும் அளப்பவர் கண்ணுக்கு இந்த வட்டாரம் தேய்வதாகத் தெரியும். வேலையை அளப்பவருக்கோ, மருத்துவக் கருவிக்கும் விமான பாகத்துக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் டை செய்யக்கூடியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். எந்த முதலீட்டாளரைக் கூப்பிடுவது என்பது அதிலிருந்து முடிவாகும்.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. டன்லப் ஆலை மூடி வருடங்கள் ஓடிவிட்டன, பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் இன்னும் டன்லப்தான். ரப்பரில் எதை எவ்வளவு கலந்தால் டயர் எவ்வளவு தாங்கும் என்று கையால் அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஆலை மூடியபோது அவர்கள் வேலையிழந்தோராக எண்ணப்பட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது என்ன, அதை வேறு எங்கே பயன்படுத்தலாம் என்று கேட்க ஒரு படிவமும் இல்லை. சிலர் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள், சிலர் ஆட்டோ ஓட்டினார்கள்.

அமெரிக்காவில் தொழிலாளர் துறையின் புள்ளிவிவரப் பிரிவு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பெருநகர்ப் பகுதிக்கும் வேலைவாரியாக எண்ணிக்கையும் சம்பளமும் வெளியிடுகிறது. டெட்ராய்ட் வட்டாரத்தில் டூல் அண்டு டை மேக்கர் எத்தனை பேர் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த வட்டாரம் என்பது பல மாவட்டங்களைச் சேர்த்தது, ஆட்கள் வேலைக்குப் போய் வரும் தூரத்தைப் பார்த்து வரைந்தது. 1998-ல் தொடங்கிய ஓநெட் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் என்ன அறிவு வேண்டும், என்ன முடிவுகள் எடுக்கவேண்டும் என்று விரிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். டூல் மேக்கருக்கு அதில் கணிதமும் வடிவமைப்பும் வருகின்றன. நம்மாலும் முடியும். பிஎல்எஃப்எஸ் படிவத்திலேயே தொழில் பயிற்சி எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு, வேலையில் இருந்தபடியே கற்றது என்று ஒரு பதில் இடம் பிடித்திருக்கிறது. விதை இருக்கிறது, அதை வளர்க்கவேண்டும்.

இதற்கு இதுதான் நேரம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது மாஸ்டர் பிளானைத் தயாரிக்கிறது. பூந்தமல்லி பைபாஸிலிருந்து மெட்ரோ பாதை போட்டிருக்கிறார்கள், கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராமுக்கும் திட்டம் இருக்கிறது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐ-களை அரசு நவீனப்படுத்தியிருக்கிறது. எந்த ஐடிஐ-யில் எந்த மெஷின், எந்தப் பாடத்துக்கு எத்தனை இடம், எந்த ஸ்டேஷனிலிருந்து எந்தப் பேட்டைக்கு ஷிப்ட் நேரத்தில் பஸ் என்பதெல்லாம் வேலைவாரியான எண் இல்லாமல் உத்தேசமாகத்தான் முடிவாகும். மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறை ஒரு முன்மாதிரியாக இந்த மூன்று மாவட்டத்தின் மேற்குப் பகுதியை மட்டும் எடுத்து, நான்கு இலக்க வேலைக் குறியீட்டோடு ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கமான அய்மாவுக்கு உறுப்பினர்களைத் தெரியும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நந்தம்பாக்கத்தில் ஆக்மி மெஷின் டூல் கண்காட்சி நடத்தும் அனுபவமும் உண்டு. அவர்கள் கைகொடுத்தால் பட்டறைக் கதவுகள் எளிதாகத் திறக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கின் ஊர் அளவு அட்டவணையில் உழைப்பவர்களுக்கு நான்கே வகை: விவசாயி, விவசாயக் கூலி, குடிசைத் தொழில், மற்ற தொழிலாளர். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் கிட்டத்தட்ட முழுவதுமாக அந்த நான்காவதில் அடங்கிவிட்டன. அடுத்த கணக்கெடுப்புக்கு மையநாள் 2027 மார்ச் 1.

அதில் கதவைத் தட்டப்போகும் ஊழியரிடம் "கம்பெனி வேலை" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எந்த மெஷினில் நிற்கிறீர்கள், என்ன பொருள் செய்கிறீர்கள், அளந்து பார்ப்பதும் சரி தப்பு சொல்வதும் உங்கள் பொறுப்பா, யாருக்காவது கற்றுக்கொடுக்கிறீர்களா என்று சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் இல்லாத நேரத்தில் பதில் சொல்லப்போகும் அம்மாவிடமோ மனைவியிடமோ அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவையுங்கள். பட்டறை முதலாளிகளே, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவில் தொழில் குறியீட்டை ஆடிட்டர் ஆபீஸ் பையன் போட்டதோடு விட்டுவிடாமல், நீங்கள் உண்மையில் செய்யும் தொழிலுக்கு உரிய எண்தானா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். வெயிலில் நடந்து வரும் அந்த ஊழியருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பேசுங்கள்.